ஒரே ஆலை, இரண்டு பெயர்: செவர்லே நோவாவும் ஜியோ பிரிசமும் யாருடைய கார்கள்?

மாருதி பெலினோவை ஓட்டிப் பார்த்துவிட்டு டொயோட்டா ஷோரூமுக்குள் நுழைகிறவருக்கு, அங்கே நிற்கும் கிளான்ஸா எங்கோ பார்த்த முகமாகத் தெரியும். கதவைத் திறந்து உட்கார்ந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் சின்னத்தைத் தவிரப் பெரும்பாலும் எல்லாமே பழகியவை. அப்படியானால் இதைச் செய்தவர் யார்? கூடுதல் பணம் பெயருக்கா, பொருளுக்கா? நாளை விற்கப் போனால் எந்தப் பெயருக்கு நல்ல விலை கிடைக்கும்?

இந்தக் கேள்விகளுக்கு அமெரிக்கச் சந்தை முன்பே விடை சொல்லியிருக்கிறது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து நடத்திய ஆலையில், 1984 டிசம்பர் முதல் 2001 இறுதி வரை ஒரு சிறிய கார் முதலில் செவர்லே நோவா (செவர்லே, ஜெனரல் மோட்டார்ஸின் விற்பனைப் பெயர்களில் ஒன்று) என்றும், பிறகு ஜியோ பிரிசம் என்றும், கடைசியில் செவர்லே பிரிசம் என்றும் பெயர் மாறி மாறி வெளிவந்தது. பெயர் எதுவானாலும் உள்ளே இருந்தது டொயோட்டா கொரோலாவின் உடன்பிறப்புதான்.

முதலில் மூன்று சொற்கள்

வாகனச் செய்திகளில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. பிரித்துக்கொண்டால் மீதிக் கதை எளிது.

1. தளப் பகிர்வு: காரின் அடிப்பகுதி, சஸ்பென்ஷன், எஞ்சின் பொருந்தும் அமைப்பு ஆகியவற்றைப் பல மாடல்கள் பகிர்ந்துகொள்வது. மேலே உள்ள உடல் முற்றிலும் வேறாக இருக்கலாம். இதை வாங்குகிறவர் பெரும்பாலும் உணர்வதே இல்லை.

2. ரீபேட்ஜ்: ஒரு நிறுவனம் வடிவமைத்த காரை, கிரில், பம்பர், விளக்குகள், சக்கர மூடி, சின்னம் என்று மேலோட்டமாக மட்டும் மாற்றி வேறொரு பெயரில் விற்பது. கதவும் கூரையும் கண்ணாடியும் அப்படியே இருக்கும், ஏனென்றால் இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சுகளை மாற்றுவதுதான் பெரும் செலவு. அதைத் தொடாமல் எதையெல்லாம் மாற்றலாமோ அதை மட்டுமே மாற்றுவார்கள்.

3. கூட்டு நிறுவனம்: இரண்டு நிறுவனங்கள் முதல் போட்டு, இருவருக்கும் சொந்தமான மூன்றாவது நிறுவனம் ஒன்றைத் தொடங்குவது. உற்பத்தியை அது கவனிக்கும். விற்பனையை அவரவர் கடையில் அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.

கூட்டு நிறுவனம் இல்லாமலும் ரீபேட்ஜ் நடக்கும். கிளான்ஸா அந்த வகை: மாருதி சுசுகி செய்து கொடுக்கிறது, டொயோட்டா விற்கிறது. இரண்டும் சேர்ந்து நடப்பதும் உண்டு. சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையில் பிறந்த மைக்ராவும் பல்ஸும் அப்படிப்பட்ட ஜோடி. ஃப்ரீமான்ட் இந்த இரண்டாம் வகையின் மூத்த உதாரணம்.

1981: எண்ணிக்கைக்கு ஒரு வேலி

இரண்டாம் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கர்கள் சிறிய ஜப்பானிய கார்களை விரும்பி வாங்கத் தொடங்கினார்கள். அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டின் ஆலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. 1981 மே மாதம் ரீகன் அரசின் அழுத்தத்தில் ஜப்பான் ஒரு வரம்புக்கு ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்புவதில்லை. இதற்கு வைத்த பெயர் ‘தன்னார்வ ஏற்றுமதிக் கட்டுப்பாடு’. கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டதைக் கொடுப்பதும் தன்னார்வம் என்றால் இதுவும் தன்னார்வம்தான். 1984-இல் வரம்பு 18.5 லட்சமாகவும், 1985-இல் 23 லட்சமாகவும் உயர்ந்தது.

விலைக்கு வரம்பு இல்லை, எண்ணிக்கைக்குத்தான் வரம்பு என்றால் வியாபாரி என்ன செய்வார்? அனுப்பும் ஒவ்வொரு காரிலும் அதிக லாபம் பார்ப்பார். ஜப்பானிய நிறுவனங்கள் வசதி கூட்டிய, விலை உயர்ந்த மாடல்களைக் கப்பலில் ஏற்றின. டீலர்கள் பட்டியல் விலைக்கு மேல் கேட்டார்கள். மலிவான சிறிய கார் வேண்டியவர் அதிகம் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

வேலியைத் தாண்ட ஒரு வழி இருந்தது: அமெரிக்காவுக்குள்ளேயே காரைச் செய்வது. ஹோண்டா 1982 நவம்பரில் ஒஹாயோவின் மேரிஸ்வில்லில் கார் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. நிசான் 1983-இல் டென்னஸியில் ஆலை திறந்தது. மூவரில் பெரியதான டொயோட்டா மட்டும் தயங்கி நின்றது. ஃபோர்டுடன் நடத்திய பேச்சு பலிக்கவில்லை. டொயோட்டாவின் உற்பத்தி முறை ஜப்பானியத் தொழிலாளர்களையும் பக்கத்திலேயே இருக்கும் உதிரிபாகக்காரர்களையும் நம்பி வளர்ந்தது. அது அமெரிக்கத் தொழிற்சங்கத்தின் நடுவே வேலை செய்யுமா என்பதுதான் தயக்கம்.

ஜெனரல் மோட்டார்ஸின் நிலைமை வேறு. பெரிய கார்களில் பணம் பண்ணத் தெரிந்த அந்த நிறுவனத்துக்குச் சிறிய காரில் லாபம் பார்க்கத் தெரியவில்லை. 1976 மாடலாக வந்த செவெட் பின்சக்கர இயக்கத்தோடு பழசாகிக்கொண்டிருந்தது. அதன் இடத்துக்குச் சொந்தமாக ஒன்றை வடிவமைத்தால் செலவு கட்டாது என்று கணக்கு சொன்னது.

ஒப்பந்தம்

ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரோஜர் ஸ்மித்தும் டொயோட்டாவின் எய்ஜி டொயோடாவும் 1982-இல் சந்தித்தார்கள். 1983 பிப்ரவரியில் உடன்பாடு கையெழுத்தானது. நியூ யுனைடெட் மோட்டார் மானுஃபாக்சரிங் என்ற பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் அதை ‘நம்மி’ என்றே அழைத்தார்கள். பங்கு பாதிக்குப் பாதி. டொயோட்டா 10 கோடி டாலரைப் பணமாகப் போட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் போட்ட பங்கில் பெரும்பகுதி 1982 மார்ச்சில் மூடிக் கிடந்த ஃப்ரீமான்ட் ஆலைதான். நிர்வாகம் டொயோட்டாவின் கையில். முதல் தலைவர் தத்சுரோ டொயோடா.

உலகின் முதல் இடத்திலும் மூன்றாம் இடத்திலும் இருந்த இரண்டு நிறுவனங்கள் கை கோப்பது போட்டியைக் கொல்லாதா என்று போட்டி அமெரிக்க நிறுவனமான கிரைஸ்லரின் தலைவர் லீ ஐயக்கோக்கா கொதித்தார். அவரது நிறுவனம் வழக்கும் போட்டது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1983 டிசம்பரில் 3-க்கு 2 என்ற வாக்கில் அனுமதித்தது. நிபந்தனைகள்: ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் கார்களுக்கு மேல் கூடாது. கூட்டு 12 ஆண்டுகளுக்கு மட்டும். இந்தக் கால வரம்பு பின்னாளில் நீக்கப்பட்டது.

நோவா: இரவல் காருக்கு இரவல் பெயர்

முதல் கார் 1984 டிசம்பரில் வெளிவந்தது. பெயர் செவர்லே நோவா. இந்தப் பெயர் புதிதல்ல. 1960-களிலும் 70-களிலும் ஓடிய, பின்சக்கர இயக்கமும் பெரிய எஞ்சினும் கொண்ட முற்றிலும் வேறொரு செவர்லே காருக்கு உரியது. 1979-இல் நிறுத்திய பெயரைத் தூசி தட்டி எடுத்து ஒரு ஜப்பானிய காரின் பின்னால் ஒட்டினார்கள். பழைய நோவாவை நினைத்து வந்தவருக்கு ஏமாற்றம். டொயோட்டாவைத் தேடியவருக்கோ இது டொயோட்டா என்றே தெரியாது. ஒரு பெயர் இரண்டு பக்கமும் தோற்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

(நோவா என்பதற்கு ஸ்பானிய மொழியில் ‘ஓடாது’ என்று பொருள், அதனால் லத்தீன் அமெரிக்காவில் விற்கவில்லை என்று மேலாண்மை வகுப்புகளில் ஒரு கதை சொல்வார்கள். அது கட்டுக்கதை. பழைய நோவா மெக்சிகோவிலும் வெனிசுலாவிலும் நன்றாகவே விற்றது.)

புதிய நோவாவின் மூலம் டொயோட்டா ஸ்பிரிண்டர். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்பிரிண்டரே ஒரு வகையில் பெயர் மாறிய கார்தான். ஜப்பானில் டொயோட்டாவுக்குப் பல டீலர் சங்கிலிகள் இருந்தன. ஒரு சங்கிலியில் கொரோலா விற்க, இன்னொரு சங்கிலிக்கும் அந்த அளவில் ஒரு கார் வேண்டும் என்பதற்காகப் பிறந்ததே ஸ்பிரிண்டர். ஆக, நோவா என்பது இரண்டு முறை பெயர் மாறிய கொரோலா.

வண்டியில் 1.6 லிட்டர், 74 குதிரைத்திறன் எஞ்சின், முன்சக்கர இயக்கம், நான்கு கதவு செடான், ஐந்து கதவு ஹேட்ச்பேக் என இரண்டு உடல்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தன. உடல் ஃப்ரீமான்ட்டில் அழுத்தி, பற்றவைத்து, வண்ணம் பூசப்பட்டது.

எந்தப் பெயரில் விற்றாலும் பிறந்த இடத்தை மறைக்க முடியாத ஓர் இடம் காரில் உண்டு. அதுதான் முன் கண்ணாடியின் ஓரத்தில், டேஷ்போர்டின் மேல் தெரியும் அடையாள எண். முதல் இலக்கமான 1 அமெரிக்காவைக் குறிக்கும். நம்மியில் பிறந்த டொயோட்டா கார்களுக்கு ‘1என்எக்ஸ்’ என்று தொடங்கும். அங்கேயே பிறந்த செவர்லே, ஜியோ கார்களுக்கு ‘1ஒய்1’. பதினோராவது இடத்தில் ஆலையின் குறியீடு வரும். இரண்டிலும் அது ‘இசட்’, அதாவது ஃப்ரீமான்ட். பழைய கார் வாங்கத் தெரிந்த அமெரிக்கர்கள் சின்னத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் படித்தார்கள்.

ஆலைக்குள் நடந்தது

காரைவிட ஆலையின் கதைதான் உலகெங்கும் பரவியது. காரணம் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் காலத்தில் ஃப்ரீமான்ட் அந்த நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயர் எடுத்திருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் உண்டு. தொழிலாளர்களின் தீராத புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. கதவுப் பலகைக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவோம், வாங்கியவர் ஓட்டும்போது கடகடவென்று சத்தம் வரட்டும் என்று, அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொன்னார்கள். மேலாளர்களுக்கும் ஒரே மந்திரம்தான்: கார்களை நகர்த்திக்கொண்டே பொருத்தும் லைன் நிற்கக் கூடாது. பாகம் தவறாகப் பொருந்தினாலும் கார் நகர்ந்துகொண்டே இருக்கும். கடைசியில் வெளியே நிறுத்தி, பிரித்து, சரிசெய்வார்கள்.

நம்மி திறந்தபோது வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பான்மையோர் இதே பழைய ஆட்கள், அதே தொழிற்சங்கம். இவர்களில் குழுத் தலைவர்களாகத் தேர்ந்தவர்களை ஜப்பானின் டொயோட்டா சிட்டியில் இருக்கும் தகாவோகா ஆலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்தவர்கள் லைனின் மேலே நீளமாக ஒரு கயிறு தொங்குவதைப் பார்த்தார்கள். அதுதான் ‘ஆண்டன்’ கயிறு.

அது வேலை செய்யும் விதம் இப்படி. ஒரு போல்ட் சரியாக ஏறவில்லை. தொழிலாளி கயிற்றை இழுக்கிறார். ஒரு மெட்டு ஒலிக்கிறது, பலகையில் அந்த இடத்தின் எண் எரிகிறது. குழுத் தலைவர் ஓடி வருகிறார். கார் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. தரையில் குறித்திருக்கும் கோட்டை அது எட்டுவதற்குள் சிக்கல் தீர்ந்தால் மறுபடி இழுத்து விளக்கை அணைக்கலாம். தீராவிட்டால் லைன் நிற்கும். லைனை நிறுத்தினால் வேலை போகும் என்று பயந்து வாழ்ந்தவர்களின் கையில் அந்த உரிமையையே கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு பக்கம், எண்பதுக்கு மேல் இருந்த பணிப் பிரிவுகளை ஒரு கையில் எண்ணும் அளவுக்குக் குறைத்தார்கள். பதிலுக்கு, நிறுவனத்தின் இருப்புக்கே ஆபத்து வந்தாலன்றி ஆட்குறைப்பு இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள். 1988-இல் நோவா விற்காமல் ஆலையின் திறனில் கணிசமான பகுதி சும்மா கிடந்தபோது அந்த வாக்குக்குச் சோதனை வந்தது. யாரையும் அனுப்பவில்லை. வேலை இல்லாதவர்களைப் பயிற்சியிலும் லைனைச் சீர்செய்யும் பணியிலும் உட்கார வைத்தார்கள். தொழிலாளர்கள் டொயோட்டாவை நம்பியது அதற்குப் பிறகுதான் என்று நான் நினைக்கிறேன். பயிற்சியும் கயிறும் தராத நம்பிக்கையை அந்த ஒரு முடிவு தந்தது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980-களின் நடுவில் ஒரு காரைப் பொருத்த ஆகும் உழைப்பு நேரத்தை ஒப்பிட்டார்கள். மாசசூசெட்ஸில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலையில் 31 மணி நேரம். தகாவோகாவில் 16. நம்மியில் 19. ஜப்பானியரால்தான் முடியும் என்ற சாக்கு அத்தோடு போயிற்று.

நல்ல கார் ஏன் விற்கவில்லை?

நோவா தரத்தில் சோடை போகவில்லை. அதற்கு வந்த இடையூறுகள் வெளியிலிருந்து வந்தவை.

1. நாணயம். 1985 செப்டம்பரில், டாலரின் மதிப்பைக் குறைக்கப் பெரிய நாடுகள் செய்துகொண்ட பிளாசா உடன்பாடு கையெழுத்தானபோது ஒரு டாலருக்குச் சுமார் 240 யென். ஓராண்டில் அது 150-களுக்கு இறங்கிவிட்டது. எஞ்சினும் கியர்பாக்ஸும் யென்னில் வாங்கும் காருக்கு இது நேரடி அடி. அமெரிக்காவில் செய்த கார் என்று சொல்லிக்கொண்டாலும் செலவில் கணிசமான பகுதி ஜப்பானிய நாணயத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

2. அதே கடையில் போட்டி. செவர்லே ஷோரூமில் நோவாவுக்குப் பக்கத்தில் கேவலியர் நின்றது. அது ஜெனரல் மோட்டார்ஸின் சொந்தப் பிள்ளை. அதன் ஆலைகள் ஓடியாக வேண்டும், ஆகவே தள்ளுபடி அதற்கு. விற்பனையாளர் எந்தக் காரின் சாவியை முதலில் எடுத்துக் கொடுப்பார் என்று ஊகிக்கக் கணக்கு வேண்டாம்.

3. வாங்குகிறவர் யார் என்பது. இறக்குமதிக் காரை நாடுகிறவர் செவர்லே கடைக்குள் காலடி வைப்பதில்லை. செவர்லே கடைக்கு வருகிறவர் சிறிய ஜப்பானிய காரைத் தேடி வருவதில்லை.

மூன்றாவது சிக்கலைத் தீர்க்கவே 1989 மாடல் ஆண்டுக்கு ‘ஜியோ’ என்ற தனிப் பெயரைக் கொண்டுவந்தார்கள். கடை செவர்லேயுடையது, பெயர் மட்டும் வெளிநாட்டு வாடை வீசுவது. சுசுகியிடமிருந்து வந்தது ஜியோ மெட்ரோ. இசுசுவிடமிருந்து வந்தது ஸ்பெக்ட்ரம். நம்மியின் கார் ஜியோ பிரிசம் ஆனது. நோவா போன இடத்தில் பிரிசம் வந்தது; உள்ளே அடுத்த தலைமுறை கொரோலா. ஏறக்குறைய அதே சமயத்தில் டொயோட்டா தன் பெயரிலேயே கொரோலா செடானையும் அந்த ஆலையில் செய்யத் தொடங்கியது. இரண்டு கார்களும் ஒரே லைனில், ஒரே கைகளால், ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வந்தன.

1993 மாடலுக்குப் பிரிசமின் இரண்டாம் தலைமுறை வந்தது. 1998 மாடலில் ஜியோ என்ற பெயரையே கைவிட்டு, செவர்லே பிரிசம் என்று மாற்றினார்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்குள் ஒரே காரின் மேல் மூன்று பெயர்ப் பலகைகள்.

ஒரே கார், இரண்டு மதிப்பு

பிரிசமும் கொரோலாவும் ஒரே ஆலையில் பிறந்தவை என்பது இரகசியமல்ல; நுகர்வோர் இதழ்கள் அதைத் திரும்பத் திரும்ப எழுதின. ஆனாலும் கொரோலா அதிகம் விற்றது. பழைய கார் சந்தையிலோ, ஒரே வயதும் ஒரே ஓட்டமும் உள்ள இரண்டில் பிரிசம்தான் மலிவு.

இதை மக்களின் அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. அது பாதி உண்மைதான். கார் வாங்குகிறவர் இரும்பை மட்டும் வாங்குவதில்லை; டீலரின் பழக்கத்தையும், சர்வீஸ் கவுண்டரில் கிடைக்கும் மரியாதையையும், ஐந்து ஆண்டு கழித்து அதை வாங்கப் போகிறவரின் நம்பிக்கையையும் சேர்த்தே வாங்குகிறார். கொரோலா என்ற பெயருக்கு அமெரிக்காவில் அப்போதே இருபது ஆண்டு வரலாறு இருந்தது. பிரிசம் என்ற பெயருக்கு ஒன்றுமில்லை. மறுவிற்பனை விலை குறையும் என்று எல்லோரும் நம்பினால் அது குறையத்தான் செய்யும். அந்த நம்பிக்கைக்குக் காரின் தரத்தோடு தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

பெயரின் பலம் எதிர்த்திசையில் எவ்வளவு என்பதற்கும் ஒரு சோதனை நடந்தது. வர்த்தகத் தகராறைத் தணிக்க, 1990-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸின் கேவலியரை ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றி, டொயோட்டா கேவலியர் என்ற பெயரில் ஜப்பானில் விற்றார்கள். டொயோட்டா சின்னம் முன்னால் மின்னியும் நினைத்த அளவு விற்கவில்லை, 2000-இல் நிறுத்தினார்கள். நல்ல காரை அறிமுகமில்லாத பெயர் ஓரளவு கீழே இழுக்கும். சுமாரான காரை நல்ல பெயர் தூக்கி நிறுத்திவிடாது.

பிரிசமால் ஆதாயம் அடைந்தவர்கள் ஒரு கூட்டத்தார் உண்டு: அடையாள எண்ணைப் படிக்கத் தெரிந்து, கொரோலாவைக் குறைந்த விலைக்கு ஓட்டிச் சென்றவர்கள். இன்று கிளான்ஸா–பெலினோ போன்ற ஜோடிகளுக்கு நடுவே நிற்பவரும் செய்ய வேண்டிய கணக்கு அதுதான். காரை ஒப்பிடுவதில் பயனில்லை, அது ஒன்றே. உத்தரவாதக் காலம், சர்வீஸ் நிலையத்தின் தூரம், உதிரி பாகம் வந்து சேரும் வேகம், பழைய கார் விலை என்று காரைச் சுற்றி இருப்பவற்றை ஒப்பிட வேண்டும்.

யார் எதை எடுத்துக்கொண்டு போனார்கள்?

டொயோட்டா தெரிந்துகொள்ள வந்த கேள்விக்கு ஓராண்டிலேயே விடை கிடைத்தது. 1985 டிசம்பரில் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் முழுக்கச் சொந்தமான ஆலை கட்டப் போவதாக அறிவித்தது. 1988-இல் அங்கே கேம்ரி உருளத் தொடங்கியது. அமெரிக்க உதிரிபாகக்காரர்கள், தொழிலாளர் சட்டம், சங்கம் எல்லாவற்றையும் ஃப்ரீமான்ட்டில் பழகிக்கொண்டு போனார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸும் கற்றுக்கொள்ள ஆட்களை அனுப்பியது. அவர்கள் கற்றார்கள், ஆனால் திரும்பிப் போனதும் ஆளுக்கொரு ஆலையாகச் சிதறடிக்கப்பட்டார்கள். தென் கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலையில் இதே முறையைப் புகுத்த முயன்றது எடுபடவில்லை. அங்கே கயிற்றை மாட்டிவிட்டார்கள்; இழுத்தால் ஓடி வர ஆள் இல்லை. பாகத்தில் குறை என்றால் அதை வடிவமைத்தவரிடம் போய்ச் சொல்லும் வழியும் இல்லை. நிறுவனம் முழுவதும் இந்த முறைக்கு மாறப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் சந்தை கைநழுவிப் போயிருந்தது.

கடைசிப் பத்தாண்டு

பிரிசம் 2001 இறுதியில் நின்றது. அதன் இடத்தில், ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு விற்பனைப் பெயரான பான்டியாக்கில் வைப் என்ற கார் வந்தது. அதுவும் டொயோட்டா மேட்ரிக்ஸின் இரட்டைதான். அதையே ஸ்டீயரிங் வலப்பக்கம் வைத்து, டொயோட்டா வோல்ட்ஸ் என்று ஜப்பானுக்குச் சில ஆண்டுகள் அனுப்பினார்கள்.

2009 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் பாதுகாப்பு கோரியது. பான்டியாக் பெயரே மூடப்படுவதால் நம்மியில் செய்ய அதற்கு ஒன்றுமில்லை. அந்த மாதமே கூட்டிலிருந்து விலகியது. வைப் ஆகஸ்ட்டில் நின்றது. பாதிப் பங்காளி போன ஆலையைத் தனியே நடத்த டொயோட்டா விரும்பவில்லை. கால் நூற்றாண்டில் சுமார் 80 லட்சம் வண்டிகள் செய்த அந்த லைனில், 2010 ஏப்ரல் 1 அன்று கடைசியாக வந்தது ஒரு சிவப்பு கொரோலா. ஏறத்தாழ 4,700 பேருக்கு வேலை போயிற்று. அடுத்த மாதமே டெஸ்லா அந்த ஆலையை வாங்கப் போவதாக அறிவித்தது; விலை 4.2 கோடி டாலர்.